வீட்டில் இரண்டு பைபிள்: தேவன், கடவுள், கர்த்தர், ஆண்டவர் – எந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பாளை வாசகி

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

நான் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை வீட்டில் வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அதனால் எங்கள் அலமாரியில் இரண்டு பைபிள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று அம்மா கல்யாணத்தன்று என் கையில் கொடுத்த பழைய மொழிபெயர்ப்பு. கறுப்பு அட்டை, சிவப்பு விளிம்பு. இன்னொன்று அவர் வீட்டுத் திருவிவிலியம். இத்தனை வருஷமாக அவரவர் புத்தகத்தை அவரவர் வாசித்துக்கொண்டோம். போன வாரம் ஏழாவது படிக்கிற மகள் இரண்டையும் கட்டிலில் விரித்துப்போட்டு, இதில் ஒரு விரல், அதில் ஒரு விரல் வைத்துக்கொண்டு வாசித்தாள்.

“ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்.”

“தொடக்கத்தில் கடவுள் விண்ணுலகையும் மண்ணுலகையும் படைத்தபொழுது…”

“அம்மா, ஒரு சொல்கூட ஒத்துப்போகலையே. ரெண்டும் ஒரே சாமியைத்தான் சொல்லுதா?”

ஒரே ஆண்டவர்தான் என்றேன். “அப்போ ஏன் பேரை மாத்தினாங்க?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திரித்துவம், வேதம், ஏற்பாடு, ஏவுதல் என்று நாம் வாய் நிறையச் சொல்லும் சொற்களுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும் அல்லவா? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள். பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.

---

முத்துநகர் மறைக்கல்வி

சகோதரி, உங்கள் மகள் கேட்டது பெரிய கேள்வி. எங்கள் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன்.

1578இல் கொல்லத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், பதினாறே பக்கம். ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் பணி செய்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தமிழில் அச்சேறிய முதல் கிறிஸ்தவக் கடவுள் பெயர் தம்பிரான்தான். சைவ மடத்துத் துறவிகளை இன்றும் தம்பிரான் என்றுதான் அழைக்கிறார்கள். தலைவன், ஆண்டவன் என்ற பொருளில் கடற்கரைச் சனங்களுக்குத் தெரிந்த சொல்லை அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த தலைமுறையில் மதுரைக்கு வந்தவர் ராபர்ட் தெ நொபிலி என்ற தத்துவ போதகர். 1606இலிருந்து அங்கே சமஸ்கிருதமும் தமிழும் கற்று எழுதினார். அவரோடு வேரூன்றிய சொல் சருவேசுரன்: சர்வ ஈசுவரன், எல்லாவற்றுக்கும் இறைவன். கத்தோலிக்க வீடுகளில் முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்தான். எங்கள் ஆச்சி சாகும்வரை “சருவேசுரா” என்றுதான் சொன்னார். பரிசுத்த ஆவியை ‘இஸ்பிரீத்து சாந்து’ என்பார். அது போர்த்துக்கீசியச் சொல். மொழிபெயர்த்தால் பொருள் சிதைந்துவிடும் என்ற பயத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள். இப்போது தூய ஆவியார் என்கிறோம்.

‘கடவுள்’ எங்கள் வீடுகளுக்குள் பரவலாக வந்தது எங்கள் திருச்சபை 1960களில் கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, பூசை தமிழுக்கு வந்தபோது. நீங்கள் சொல்லும் திருவிவிலியம் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. ‘பொது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உட்கார்ந்து செய்தது. அதாவது உங்கள் வீட்டுக்காரர் பைபிளில் உங்கள் சபைக்காரர் உழைப்பும் இருக்கிறது.

---

தரங்கை ஏடு

சீர்திருத்த சபைப் பக்கம் கதை இன்னும் வளைந்து போகிறது.

லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1714இலும் 1715இலுமாகப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் கத்தோலிக்கர் புழங்கிய சருவேசுரனையே எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் 1740இல் வந்த பப்ரிஷியுஸ் முழு வேதத்தையும் புதிதாக மொழிபெயர்த்தார். அவர் கையில் அந்தப் பெயர் பராபரன் ஆயிற்று. ஈசுவரன் என்றால் சிவனை நினைப்பார்கள். பராபரனுக்கு அந்தத் தொல்லை குறைவு. மேலானவற்றுக்கெல்லாம் மேலானவர். அந்தச் சொல்லுக்குப் பன்மை இல்லை. ஒருவரே என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் தாத்தாவின் வேதப்புத்தகம் என்னிடம் இருக்கிறது. பக்கங்கள் பழுத்து, ஓரத்தைத் தொட்டாலே பொடிகிறது. சங்கீதங்கள் உள்ள பகுதியில் மட்டும் கீழ்மூலை வழவழவென்று தேய்ந்திருக்கிறது. விரல் வைத்துப் புரட்டிய இடம். அந்தப் பக்கங்களில் எங்கு பார்த்தாலும் பராபரன்தான். பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளை மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகும் லுத்தரன் சபையார் நெடுநாள் பப்ரிஷியுஸை விடவில்லை. அதற்கும் முன்னால், மிஷனரி ரேனியஸ் புதுத் திருத்தம் கொண்டுவந்தபோது, கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்து எழுதினார். வேதத்தில் கை வைக்காதீர்கள் என்ற கோபம் அது. அந்தக் கோபத்தை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். ஒரு பெயரைச் சொல்லி அழுதிருக்கிறோம், பிள்ளையைப் புதைத்திருக்கிறோம் என்றால் அது வெறும் மொழிபெயர்ப்பாளர் முடிவாக இருக்காது.

‘தேவன்’ நிலைத்தது ஐக்கிய மொழிபெயர்ப்பில். ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்து 1871இல் முழுதாக வெளிவந்தது. நாம் பழைய மொழிபெயர்ப்பு, ஓ.வி. என்பது அதைத்தான். ஆக, உங்கள் அம்மா கொடுத்த ‘பழையது’ ஒரு காலத்தில் சர்ச்சைக்குரிய புதியது.

---

யாழ் ஏட்டுக்காரன்

எங்கட பக்கத்தையும் ஒருக்கால் சொல்லவேணும். பவருக்கு முன்னம் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் ஒரு மொழிபெயர்ப்புச் செய்தவர். 1850இல் வந்தது. அவருக்குப் பக்கத்தில இருந்து தமிழைச் செப்பஞ்செய்தவர் ஆறுமுக நாவலர், பிறகு சைவத்தைத் தூக்கி நிறுத்தின அதே நாவலர்தான். அந்த மொழிபெயர்ப்பைத் தமிழ்நாட்டுச் சபையள் ஏற்கேல்லை. அதுக்குப் பிறகுதான் பவர் குழு. எண்டாலும் ஒரு சைவப் பண்டிதர் வேதாகமத்தின்ர ஒவ்வொரு வரியையும் தமிழாக்கி இருந்தவர் எண்டதை நான் மதிப்போட நினைக்கிறனான்.

---

எபிரேய மாணவன்

பராபரனுக்குப் பன்மை இல்லாதது பலம் என்று தரங்கை ஐயா எழுதியிருக்கிறார். அதே காரணத்தால்தான் அந்தச் சொல் மொழிபெயர்ப்பாளனைத் தவிக்கவும் விடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எபிரேயத்தில் ‘ஏலோஹிம்’ ஒரே சொல். மெய்யான கடவுளுக்கும் அதுதான், மற்றவர்கள் வணங்கும் கடவுள்களுக்கும் அதுதான். முதல் கட்டளையைப் பாருங்கள்: “என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்.” இங்கே ‘பராபரர்கள்’ என்று எழுத முடியுமா? வேறு சொல்லுக்குப் போகத்தான் வேண்டும். தேவன் என்றால் தேவர்கள் என்று அதே வேரிலிருந்து எழுதலாம். “நீங்கள் தேவர்கள்” என்று 82ஆம் சங்கீதம் சொல்வதும் அப்போதுதான் மூலத்தைப்போல உறைக்கும். சொல் சாதாரணமாக இருப்பதே அதற்குத் தகுதி. அந்தச் சாதாரணச் சொல்லை எடுத்து ‘இவர் ஒருவரே’ என்று வேதம் சாதிக்கிறது.

இன்னொன்று. ஏலோஹிம் வடிவத்தில் பன்மை. ஆனால் ஆதியாகமம் 1:1இல் அதோடு வரும் வினை ‘பாரா’, ஒருமை. தமிழில் தலைகீழ்: தேவன் ஒருமை, சிருஷ்டித்தார் பலர்பால் வடிவம், மரியாதைக்காக. பெயரிலே அவர்கள் வைத்த பன்மையை நாம் வினையிலே வைத்திருக்கிறோம். திட்டமிட்டுச் செய்ததல்ல, நம் பேச்சுவழக்கு அப்படி. ஆனாலும் அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கர்த்தர், ஆண்டவர் பற்றி. எபிரேயத்தில் கடவுளின் சொந்தப் பெயர் நான்கு மெய்யெழுத்து. பழைய ஏற்பாட்டில் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. யூதர்கள் பயபக்தியினால் அதை உச்சரிப்பதில்லை. அந்த இடம் வந்தால் ‘அதோனாய்’, என் ஆண்டவர், என்று வாசிப்பார்கள். பிற்காலத்தில் ஏட்டில் உயிர்க்குறிகள் போட்ட மசோரெத்தியர், நான்கு எழுத்தின்மேல் அதோனாயின் உயிர்களைப் போட்டு வைத்தார்கள், ‘இங்கே அதை வாசி’ என்று நினைவூட்ட. அது தெரியாத கிறிஸ்தவ வாசகர்கள் இரண்டையும் கூட்டி வாசித்ததில் பிறந்ததுதான் ‘யேகோவா’. நம் ஓ.வி.யில் சில இடங்களில் அப்படியே நிற்கிறது. மற்ற இடங்களில் அந்தப் பெயருக்குக் கர்த்தர், அதோனாய்க்கு ஆண்டவர். இந்த வேறுபாட்டைப் பார்க்க 110ஆம் சங்கீதத்தின் முதல் வரி போதும்: “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி…” எபிரேயத்தில் அங்கே இரண்டு சொல், தமிழிலும் இரண்டு சொல்.

பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வாசித்த யூதர்களுக்கு அந்தப் பெயரின் இடத்தில் ‘கூரியோஸ்’ இருந்தது. அதனால்தான் பிலிப்பியர் 2:11இல் பவுல் “இயேசுகிறிஸ்து கர்த்தரென்று நாவுகள் யாவும்” அறிக்கையிடும் என்று எழுதும்போது, அது வெறும் மரியாதைச் சொல் இல்லை. ஏசாயா 45இல் கடவுள் தமக்கென்று சொன்ன வரியை எடுத்து இயேசுவின்மேல் வைக்கிறார். மகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

---

குமரித் தென்றல்

கடவுள் என்பதே சிறந்த சொல். ‘கட’ என்றால் கடந்தவர், ‘உள்’ என்றால் உள்ளே இருப்பவர். எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் இருப்பவர். இவ்வளவு இறையியல் தேவனில் உண்டா?

---

எபிரேய மாணவன்

அந்த விளக்கம் பிரசங்கத்துக்கு அழகு, நானும் ரசித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் சொல்லின் வரலாறாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கப் பாடல்களில் கடவுள் என்பது மலையிலும் மரத்திலும் உறையும் தெய்வத்துக்கும் வரும் சொல். தேவனைப்போல அதுவும் ஊர்ச் சொல்தான். அது பழந்தமிழ்ச் சொல், ‘அன்’ விகுதியின் ஆண்பால் கட்டு இல்லாதது என்பதே அதன் மதிப்பு. அதற்குமேல் நாம் ஏற்றுவது நம் பக்தி.

---

முத்துநகர் மறைக்கல்வி

‘வேதம்’ பற்றி இரண்டு வரி. எங்கள் ஊர்ப்பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள், கோயிலை வேதக்கோயில் என்பார்கள். மதம் மாறுவது ‘வேதத்தில் சேருவது’. வேதம், ஆகமம், மறை, திருமுறை எல்லாமே இந்த மண்ணில் முன்பே இருந்த புனித நூல்களின் பெயர்கள். பைபிள் என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் ‘பிப்லியா’, புத்தகங்கள் என்று மட்டும்தான் பொருள். விவிலியம் அதிலிருந்து வந்தது.

பைபிளில் புத்தகங்கள் 66ஆ 73ஆ என்ற கேள்வியை மகள் எப்படியும் கேட்பாள். திருவிவிலியத்தில் தோபித்து, மக்கபேயர், சீராக் போன்றவற்றை இணைத் திருமுறை என்கிறோம், சி.எஸ்.ஐ.யில் தள்ளுபடி ஆகமங்கள் என்பார்கள். ‘தள்ளுபடி’ என்ற சொல் எனக்கு வருத்தம் தரும். மார்ட்டின் லுத்தரே 1534இல் தம் ஜெர்மன் பைபிளில் அவற்றை நீக்கவில்லை. இரு ஏற்பாட்டுக்கும் நடுவே வைத்து, வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்று எழுதினார். எங்கள் திருச்சபை 1546இல் திரிதெந்து சங்கத்தில் அவற்றை உறுதியாக ஏற்றது.

---

தரங்கை ஏடு

ஏற்பாடு என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். எபிரேயத்தில் ‘பெரித்’, உடன்படிக்கை. கிரேக்கத்தில் அதை ‘தியாதேக்கே’ என்றார்கள். அந்தச் சொல்லுக்கு உயில் என்றும் பொருள். எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் எழுதியவர் இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்து வாதாடுகிறார். நம் ஓ.வி. 16ஆம் வசனத்தில் ‘மரணசாசனம்’ என்று மாற்றிக்கொள்கிறது. சாசனம் எழுதினவர் மரித்தால்தான் அது செல்லும். தமிழில் ஒரே சொல்லால் இரண்டையும் பிடிக்க முடியவில்லை, அதனால் அந்த வாதத்தின் முடிச்சு நமக்குத் தெரிவதில்லை. போதகர்கள் இதை எடுத்துச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

---

பாளை வாசகி

எழுதிய எல்லாருக்கும் நன்றி. நான் இரவெல்லாம் வாசித்தேன். இன்னும் இரண்டு கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, ஏவுதல். வேதம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்கிறோம். எழுதியவர் கையைக் கடவுள் பிடித்து எழுதவைத்தாரா? இரண்டாவது, திரித்துவம். ஒரே கடவுளில் மூன்று ஆட்கள் என்று என் வீட்டுக்காரர் சின்ன வயதில் படித்திருக்கிறார். மகள் “மூணு ஆளுன்னா மூணு சாமிதானே” என்கிறாள்.

---

எபிரேய மாணவன்

முதலாவதற்கு நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். பிள்ளைகளை உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு தங்கள் பெயரைச் சொல்லச் சொல்வேன். சொல்லோடு மூச்சு வந்து கையில் படும். 2 தீமோத்தேயு 3:16இல் உள்ள ‘தெயோப்னியூஸ்தோஸ்’ அதுதான்: கடவுள் மூச்சுவிட்டது. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஓ.வி. “தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்கிறது. திருவிவிலியம் தூண்டுதல் என்கிறது. தூண்டுதல் எழுதியவரைப் பற்றிய சொல். மூலமோ எழுத்தைப் பற்றிப் பேசுகிறது. இந்த இடத்தில் ஓ.வி.யே நெருக்கம் என்பேன்.

எழுதியவரைப் பற்றிச் சொல்வது 2 பேதுரு 1:21. “பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்.” ஏவப்பட்டு என்ற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள வினைக்குச் ‘சுமந்து செல்லப்பட்டு’ என்று பொருள். அப்போஸ்தலர் 27இல் பவுல் போன கப்பல் புயலில் அகப்பட்டுக் காற்றின் போக்கிலே அடித்துக்கொண்டு போவதற்கும் அதே வினை. கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், பயப்படுகிறார்கள், வேலை செய்கிறார்கள். கொண்டுபோவது மட்டும் காற்று. லூக்கா விசாரித்து எழுதினேன் என்கிறார், பவுல் கோபப்படுகிறார், எரேமியா அழுகிறார். அவர்கள் குரல் அழியவில்லை. கையைப் பிடித்து எழுதவைத்தது என்றால் அது அழிந்திருக்கும்.

ஆவி என்ற சொல்லுக்கும் இதிலே இடம் உண்டு. எபிரேய ‘ரூவாஹ்’, கிரேக்க ‘ப்னியூமா’ இரண்டுக்கும் காற்று, மூச்சு, ஆவி மூன்று பொருளும் உண்டு. யோவான் 3:8இல் காற்றும் ஆவியும் ஒரே சொல். ரூவாஹ் பெண்பால், ப்னியூமா அஃறிணைப்பால். தமிழ் ஆவி இட்லிப் பானையில் எழுவதையும் சொல்லும், செத்தவரையும் சொல்லும். அதனால்தான் நாம் ‘ஆவியானவர்’ என்று ஒரு ‘ஆனவர்’ சேர்த்துக்கொண்டோம். அது தமிழ்ச் சபை செய்த நல்ல காரியம்.

---

முத்துநகர் மறைக்கல்வி

ஆள் பற்றி நான் சொல்கிறேன், இது என் பாடம்.

325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் மகன் தந்தையோடு ‘ஓமோஊசியோஸ்’ என்றார்கள். எங்கள் விசுவாச அறிக்கையில் “தந்தையோடு ஒரே பொருளானவர்”. பிற்பாடு சிலர் ஓர் எழுத்தைச் சேர்த்து ‘ஓமோயூசியோஸ்’ என்று சமாதானம் பேசப் பார்த்தார்கள். தமிழில் அதைக் காட்டுவது எளிது: ‘ஒரே பொருள்’ என்பதை ‘ஒத்த பொருள்’ என்று மாற்றினால் எவ்வளவு போய்விடுகிறது பாருங்கள். ஒத்திருப்பது என்றால் நகலும்தான் ஒத்திருக்கும்.

ஆனால் ஒரே பொருள் என்றால் தந்தைதான் மகனாக வேடம் போட்டாரா? அதற்கும் இல்லை என்று சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. நிசேயா காலத்தில் ‘ஊசியா’, ‘உபோஸ்தாசிஸ்’ இரண்டு சொல்லையும் ஒரே அர்த்தத்தில்தான் புழங்கினார்கள். பசிலியார், அவர் தம்பி நிசாவின் கிரகோரியார், நண்பர் நசியான்சின் கிரகோரியார் ஆகியோர்தான் இரண்டையும் பிரித்து, ஊசியா (பொருள்) ஒன்று, உபோஸ்தாசிஸ் (ஆள்) மூன்று என்று தெளிவாக்கினார்கள். 381இல் கான்ஸ்தாந்திநோபிள் வரை ஏறக்குறைய அறுபது வருஷம். கிரேக்கத்திலேயே அறுபது வருஷம் தேடியிருக்கிறார்கள் என்றால் தமிழில் தடுமாறுவதில் குறையில்லை.

நாங்கள் அந்த மூன்றுக்கு ‘ஆள்’ என்றோம். சீர்திருத்த சபையார் ‘ஆள்தத்துவம்’ என்றார்கள். சந்தையில் மூன்று ஆள் நின்றால் மூன்று பேர்தான். பிள்ளை கேட்பது சரி. நான் சொல்வது: மூன்று பேர் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்ததல்ல, ஒருவர் மூன்று வேஷம் கட்டியதல்ல. இந்த இரண்டு வழியையும் அடைக்கத்தான் அந்தச் சொற்கள். உள்ளே இருப்பதை முழுக்க விளக்கிவிட்டோம் என்று அந்த ஆயர்களே சொல்லவில்லை.

---

எபிரேய மாணவன்

ஒரு சேர்க்கை. ஆதியாகமம் 1:26: “நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக.” எபிரேயத்தில் ‘நம்’, ‘எம்’ வேறுபாடு கிடையாது. தமிழில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘நமது’ என்றால் கேட்கிறவரும் அந்தச் சாயலில் பங்காளி. ‘எமது’ என்றால் கேட்கிறவர் வெளியே. கேட்டவர்கள் தூதர்கள் என்று யூத உரைகாரர் பலர் சொன்னார்கள். பிதா குமாரனோடு பேசினார் என்று திருச்சபைத் தந்தையர் சொன்னார்கள். நமது என்று எழுதிய தமிழர் ஒரே எழுத்தில் பெரிய வழக்குக்குள் நுழைந்துவிட்டார். கர்த்தருடைய ஜெபத்தில் ‘எங்கள்’ என்று வருவதும் இதே இலக்கணம்தான். அங்கே கேட்கிறவர் கடவுள். அவரைச் சேர்த்து ‘நம்’ என்று சொல்ல முடியாது.

---

பாளை வாசகி

நேற்று ராத்திரி ஜெபத்தில் இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். உள்ளங்கையை வாயருகே வைத்து, “சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பராபரன்தான் கையில் ரொம்பப் படுகிறது என்றாள்.

பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஜெபம் சொன்னோம். நான் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்றேன், அவர் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்றார். எப்போதும் இப்படித்தான், ஆளுக்கொரு வாசகம், பிள்ளை நடுவில் முழிப்பாள். நேற்று அவள் பாதியில் நிறுத்தினாள்.

“ரெண்டு சொல் ஒத்துப்போகுதும்மா. ‘இருக்கிற’, ‘எங்கள்’.”

அடுத்த வாரம் யோவான் முதல் அதிகாரத்தை விரித்து வைப்பாள் என்று நினைக்கிறேன். ஒன்றில் வார்த்தை, இன்னொன்றில் வாக்கு. ‘லோகோஸ்’ பற்றித் தெரிந்தவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள்.